திரை கறுத்த லேப்டாப்பும் எள்ளளவு ஃபியூஸும்

அக்காவின் லேப்டாப் 2013இல் வாங்கியது. 15.6 அங்குலத் திரை, மூன்றாம் தலைமுறை ஐ5, கழற்றி மாட்டும் பேட்டரி, விஜிஏ போர்ட் என்று அந்தக் காலத்துச் சங்கதி எல்லாம் உண்டு. இடையில் எஸ்எஸ்டி போட்டு ரேமையும் எட்டு ஜிபி ஆக்கிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு வேகத்தைப் பற்றி அவள் வாய் திறந்ததில்லை. சில கடைகளுக்கு டேலியில் கணக்கு எழுதுகிறாள். பதினோராம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, இருபதாம் தேதிக்குள் 3பி என்று ஜிஎஸ்டி ரிட்டர்ன் வேலையில் மாதத்தில் பாதி நாள் அந்த லேப்டாப்பில் யாரும் கைவைத்துவிட முடியாது.

திரை ஒரே நாளில் போய்விடவில்லை. மூடியைப் பின்னால் சாய்த்தால் மினுக்கும், கொஞ்சம் முன்னால் இழுத்தால் சரியாகும். அக்கா தோதான கோணத்தைக் கண்டுபிடித்து, மூடிக்குப் பின்னால் ஒரு பழைய பில் புக்கை முட்டுக்கொடுத்து ஓட்டிக்கொண்டிருந்தாள். கேமராவும் வீடியோ காலில் அவ்வப்போது கறுத்துப் போகும். அதை நெட் பிரச்சினை என்று எல்லோரும் விட்டுவிட்டோம். அப்புறம் ஒரு மாலை, மினுக்கல் எதுவும் இல்லாமல் திரை பொசுக்கென்று அணைந்தது. எந்தக் கோணத்துக்கும் மசியவில்லை.

"டேய், சத்தம் வருது, படம் வரல" என்றாள் போனில். கேப்ஸ் லாக்கை அமுக்கிப் பார்க்கச் சொன்னேன். விளக்கு எரிந்து அணைந்தது. அப்படியானால் உள்ளே விண்டோஸ் நன்றாகத்தான் ஓடுகிறது. கேப்ஸ் லாக் அசையவே இல்லை என்றால் கதை வேறு: ரேமைக் கழற்றி மாட்டுவது, சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டுப் பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடிப்பது என்று வேறு பக்கம் போக வேண்டும். இங்கே அதற்கு வேலை இல்லை.

நேரில் போனதும் முதல் வேலையாக, பரணில் கிடந்த பழைய மானிட்டரை இறக்கி விஜிஏ ஒயரைச் செருகினேன். விண்டோஸ் பட்டனோடு பி-யைத் தட்டியதும் டெஸ்க்டாப் பளிச்சென்று வந்தது. கோடு இல்லை, நிறம் மாறவில்லை. மதர்போர்டில் படத்தை உருவாக்கும் பகுதி நலமாக இருக்கிறது என்பதற்கு அதுவே போதும். அக்காவுக்கு அந்த மாத ரிட்டர்ன் தப்பித்தது. எனக்கும் அவசரம் குறைந்தது. அவசரத்தில் கடைக்குப் போனால் கடைக்காரர் சொல்வதுதான் விலை. வேறு எதையும் செய்யாவிட்டாலும் இந்த மானிட்டர் சோதனையைச் செய்யுங்கள் என்பேன்.

அடுத்தது டார்ச். அறை விளக்கை அணைத்து, ஜன்னலையும் சாத்திவிட்டு, போன் டார்ச்சைத் திரைக்கு ஒட்டினாற்போலச் சாய்வாகப் பிடித்தேன். வெளிச்சம் விழுந்த இடத்தில் மட்டும், சாம்பல் மேல் சாம்பலாக, ரீசைக்கிள் பின் தெரிந்தது. நகர்த்த நகர்த்த டேலி ஐகான், அதற்குக் கீழே அக்கா பெண்ணின் ஆண்டுவிழாப் படம், அவள் தலையில் வைத்திருந்த காகிதக் கிரீடம் வரைக்கும் தெரிந்தது. படம் வந்துகொண்டுதான் இருக்கிறது. வெளிச்சம் மட்டும்தான் இல்லை.

எல்சிடி திரை தானாக ஒளிராது. அதில் இருக்கும் திரவப் படிகம் பின்னாலிருந்து வரும் ஒளியை விடும் அல்லது மறைக்கும், அவ்வளவுதான். பேக்லைட் என்கிற அந்த ஒளியைத் தருவது பேனலின், அதாவது திரைப் பலகையின், கீழ் ஓரத்தில் வரிசையாக இருக்கும் எல்இடி பட்டை. இன்னும் பழைய லேப்டாப் என்றால் அங்கே மெல்லிய ட்யூப் ஒன்று இருக்கும், அதை எரியவைக்க இன்வெர்ட்டர் என்று தனியாக ஒரு குட்டி போர்டும் இருக்கும். அந்த ட்யூப் சாகப் போகும்போது திரை இளஞ்சிவப்பாகத் தொடங்கி மெல்ல வெளுக்கும். 2013 மாடலில் ட்யூபும் கிடையாது, இன்வெர்ட்டரும் கிடையாது. இன்வெர்ட்டர் மாற்ற வேண்டும் என்று எவராவது சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

விண்டோஸ் எழுவதற்கு முன்னால் வரும் பயாஸ் திரைக்குள்ளும் போய்ப் பார்த்தேன். அங்கேயும் இதே இருட்டு, இதே டார்ச் தரிசனம். ஆக டிரைவர், விண்டோஸ் அப்டேட், பிரைட்னஸ் செட்டிங் எல்லாம் கணக்கிலிருந்து போயின. பிறகு மூடி சென்சார். மூடியின் விளிம்பில் ஒரு காந்தம் இருக்கும், கீழே அதை உணரும் சென்சார் இருக்கும். சில மாடல்களில் இந்த சென்சார் நேராகவே பேக்லைட்டை வெட்டிவிடும். திறந்த மூடியை மூடியதாக அது நினைத்துக்கொண்டால் இதே அறிகுறிதான் வரும். காந்தம் வைத்த போன் கவரைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரை போச்சு என்று கலங்கியவர்கள் உண்டு. மூடினால் தூங்கும்படி செட்டிங்கை மாற்றிவிட்டு, ஃப்ரிட்ஜ் காந்தத்தைக் கைவைக்கும் இடத்தின் மேல் நகர்த்தினேன். ஒரு இடத்தில் லேப்டாப் தூங்கியது, எடுத்துவிட்டு எழுப்பினால் எழுந்தது. சென்சாரிலும் குறை இல்லை.

மிச்சம் மூன்றே இடம். பேனலுக்குள் இருக்கும் எல்இடி பட்டை, போர்டிலிருந்து பேனலுக்குப் போகும் கேபிள், அல்லது போர்டில் பேக்லைட்டுக்கு மின்சாரம் தரும் பகுதி. கோணத்துக்குக் கோணம் மினுக்கிய வரலாறு கேபிளைத்தான் காட்டியது. ஆனால் அறுந்த கேபிள் பெரும்பாலும் ஏதாவது ஒரு கோணத்திலாவது ஒரு நொடி ஒட்டும். இது ஒட்டவே மாட்டேன் என்றது.

வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் காட்டினேன். ஆன் செய்து பார்த்தவர் உடனே, "டிஸ்ப்ளே போயிடுச்சு சார், நாலாயிரத்தைந்நூறு ஆகும்" என்றார்.

"டார்ச் அடிச்சா படம் தெரியுதே?"

"அப்படித்தான் சார் தெரியும்."

கேபிளையும் பார்த்துவிடலாமா என்று கேட்டேன். பேனல் மாற்றும்போது தானாகத் தெரிந்துவிடும் என்றார். நாலாயிரத்தைந்நூறு கொடுத்த பிறகு தெரிந்து என்ன பயன்? லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

திறந்து பார்ப்பது என்று முடிவு செய்தால் முதலில் சார்ஜரைப் பிடுங்க வேண்டும், பேட்டரியைக் கழற்ற வேண்டும். லேப்டாப்பை ஆஃப் செய்தால் மட்டும் போதாது. பேனல் கனெக்டரில் 3.3 வோல்ட் போகும் ஊசிகளும் பேக்லைட்டுக்கான உயர் மின்னழுத்த ஊசிகளும் ஒரே வரிசையில் நிற்கின்றன. சார்ஜர் மாட்டியிருந்தால் அது 19 வோல்ட் வரை இருக்கும். மின்சாரம் இருக்கும்போது கனெக்டரைக் கோணலாகச் செருகினால், நல்ல பேனலும் சேர்ந்து போகும். இப்போதைய லேப்டாப்களில் பேட்டரி உள்ளே இருப்பதால், அடிமூடியைத் திறந்து அதன் ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் மேலே கை வைக்க வேண்டும்.

திரையைச் சுற்றியிருக்கும் சட்டத்தின் கீழ் மூலைகளில் ரப்பர் பொட்டு ஒட்டியிருக்கும். அதைக் கிளப்பினால் ஸ்க்ரூ. பிறகு காலாவதியான ஏடிஎம் கார்டை உள்விளிம்பில் நுழைத்து நெம்பினால் சட்டம் டப் டப்பென்று விட்டுக்கொண்டே வரும். பேனலின் ஸ்க்ரூக்களை எடுத்து, கீபோர்டு மேல் துணி விரித்துக் கவிழ்த்துப் படுக்க வைத்தேன். பின்பக்கத் தாளில் மாடல் எண். அதில் 156 என்று வருவது 15.6 அங்குலத்தைக் குறிக்கும். பேனல் வாங்க நேர்ந்தால் லேப்டாப் பெயரைச் சொல்லி வாங்கக் கூடாது, இந்த எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஒரே லேப்டாப் மாடலுக்குள் 40 ஊசி பேனலும் 30 ஊசி பேனலும் வந்திருக்கலாம். ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது.

கனெக்டர் மேல் ஒட்டியிருந்த டேப்பை உரித்து, கழற்றித் திரும்பப் பொருத்தினேன். மாற்றம் இல்லை. ஆனால் சட்டத்தைக் கழற்றியதில் இன்னொன்று கண்ணில் பட்டது. இடது கீல் ஆடியது. கீல் ஸ்க்ரூ இறங்கும் பித்தளைக் குமிழ் பிளாஸ்டிக்கோடு பெயர்ந்து வந்திருந்தது. கேபிள் போவதும் அதே இடது கீல் வழியாகத்தான். கேமராவின் ஒயர்களும் அதே கட்டோடு சேர்ந்து போகின்றன. வீடியோ காலில் கறுத்துப் போனதற்கு நெட்டைத் திட்டியது வீண்.

போர்டை அளக்கும் அளவுக்கு என் கை நிதானம் போதாது. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குக் கொண்டுபோனேன். அங்கே பாகம் மாற்றுகிற கடை வேறு, போர்டில் உள்ள குட்டிப் பாகங்களையே அளந்து சரிசெய்யும் சிப் லெவல் கடை வேறு. தெருவைப் பார்த்த கடைகளில் முதல் வகைதான் அதிகம். மாடி ஏறி, மைக்ராஸ்கோப்பும் பவர் சப்ளையும் வைத்திருக்கும் ஆளைத் தேட வேண்டும்.

அவர் மேசையில் எனக்கு முன்னால் இரண்டு லேப்டாப்கள் திறந்து கிடந்தன. ஒன்றில் திரை முழுக்க ஒரு பச்சைக் கோடு மேலிருந்து கீழாக. "அது பேனல்தான், ஓரத்துல ஒட்டு விட்டிருக்கு. மானிட்டர்ல போட்டா கோடு வராது" என்றார். இன்னொன்றில் மானிட்டரிலும் கட்டம் கட்டமாகக் குப்பை. அது கிராபிக்ஸ் சிப். ஹாட் ஏர் அடித்துச் சூடாக்கிக் கொடுக்கச் சொல்லி வற்புறுத்துகிறாராம் வாடிக்கையாளர். "சூடு காட்டினா எழுந்து உட்காரும். எத்தனை நாளைக்குன்னு நான் எழுதித் தர மாட்டேன்" என்றார். எனக்கு அந்த ஒரு வாக்கியத்திலேயே அவர் மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

டார்ச், மானிட்டர், கீல், கேமரா எல்லாவற்றையும் சொன்னேன். பேச்சு எதுவும் இல்லாமல் தன் டெஸ்ட் பேனலையும் டெஸ்ட் கேபிளையும் எடுத்து நேராகப் போர்டில் மாட்டினார். அதிலும் இருட்டு. அந்த நிமிடமே நாலாயிரத்தைந்நூறு என் பையில் தங்கியது. நல்ல பேனலும் எரியவில்லை என்றால் அக்காவின் பேனல் மேல் பழி போட முடியாது.

பிறகு மீட்டர். கனெக்டரில் பேனலுக்கான 3.3 வோல்ட் இருந்தது. பேக்லைட்டை எரியச் சொல்லும் சிக்னலும் இருந்தது. பேக்லைட்டுக்கான மின்சாரம் மட்டும் பூஜ்யம். "ஆர்டர் வந்திருக்கு தம்பி, சரக்கு வரல" என்றார். மின்சாரத்தை எடுத்துவிட்டு, கனெக்டருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பொடிப் பாகத்தின் இரண்டு முனையிலும் மீட்டர் முள்ளை வைத்தார். பீப் வரவில்லை, அதாவது உள்ளே இணைப்பு அறுந்திருக்கிறது. ஃபியூஸ். நீளம் 1.6 மில்லிமீட்டர், அகலம் 0.8. மைக்ராஸ்கோப்பில் காட்டினார். வெளியே கருகல் எதுவும் இல்லை. பார்க்க முழுசாகத்தான் இருந்தது.

உடனே புதுசு வைத்துவிடுவார் என்று நினைத்தேன். "ஃபியூஸ் சும்மா போகாது" என்று சொல்லி, எங்கள் பழைய கேபிளை வாங்கினார். கீல் பக்கம் கறுப்புத் துணி டேப்பைப் பிரித்தார். தலைமுடி கனத்தில் ஒரு ஒயர், அதன் மேல்தோல் உரிந்து செம்பு மின்னியது. மீட்டரைப் பேக்லைட் ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்து, கேபிளைக் கீல் மடங்கும் திசையில் மடக்கினார். ஒரு கோணம் வந்ததும் பீப். நிமிர்த்தினால் இல்லை. திரும்ப மடக்கினால் பீப்.

அத்தனையும் அங்கே முடிச்சு அவிழ்ந்தது. கீல் உடைந்து ஆட, கேபிள் நசுங்கியது. நசுங்கியதில் முதலில் மினுக்கல். தோல் உரிந்த பிறகு ஒயர் எர்த்தில் பட்டு ஃபியூஸ் போனது. கேபிளை மட்டும் மாற்றியிருந்தால் திரையில் வெளிச்சம் வந்திருக்காது. ஃபியூஸை மட்டும் மாற்றியிருந்தால் மூடியைச் சாய்த்ததும் மறுபடி போயிருக்கும். பேனலை மாற்றியிருந்தால் சொல்லவே வேண்டாம்.

ஃபியூஸ் இருந்த இடத்தில் ஈயத்தை வைத்து நேராக இணைத்துவிடும் ஆட்களும் உண்டாம். அப்போதைக்குத் திரையில் வெளிச்சம் வரும். அடுத்த முறை ஷார்ட் ஆனால் கருகுவது போர்டில் மின்சாரம் ஓடும் செம்புத் தடம். இவர் ஸ்க்ராப் போர்டு ஒன்றிலிருந்து அதே அளவு ஃபியூஸை எடுத்து வைத்தார். புது கேபிளுக்கு, பழையதில் ஒட்டியிருந்த குட்டித் தாளில் டிசி02 என்று தொடங்கும் எண்ணைப் பார்த்து, பையனை அனுப்பி எதிர்க்கடையில் வாங்கி வரச் சொன்னார். எல்லாம் சேர்த்து ஆயிரத்து நானூறு. பழைய கேபிளையும் என் கையில் கொடுத்துவிட்டார்.

கீலைப் பற்றி அவர் கறாராக இருந்தார். கீல் சரியாகாவிட்டால் புது கேபிளுக்கும் இதே கதிதான். கீல் நட்டை லேசாகத் தளர்த்தி, பெயர்ந்த குமிழை இடத்தில் வைத்து எபாக்ஸி பசை போட்டு, ஒரு ராத்திரி முழுக்க மூடியை அசைக்காமல் விடச் சொன்னார். அதை வீட்டில் நானே செய்தேன். பசை ஸ்க்ரூத் துளைக்குள் இறங்காமல் இருக்க, ஸ்க்ரூவில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி அதன் இடத்தில் முறுக்கி வைத்துவிட்டால் போதும். மறுநாள் ஸ்க்ரூ சுலபமாகக் கழன்று வந்தது.

இப்போது மூடி எந்தக் கோணத்தில் இருந்தாலும் திரை எரிகிறது, கேமராவும் அறுபடுவதில்லை. மூடியை ஒரு மூலையில் பிடித்துத் தூக்காதே, நடுவில் பிடி என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். கேட்கிறாளா என்று தெரியவில்லை. மானிட்டரைப் பரணில் ஏற்றலாம் என்று போனால் விடவில்லை. "அது இருக்கட்டும்டா. ஒண்ணுல டேலி, ஒண்ணுல ஜிஎஸ்டி போர்ட்டல், எவ்வளவு வசதியா இருக்கு தெரியுமா? நீ ஒரு நீளமான விஜிஏ ஒயர் மட்டும் வாங்கிட்டு வா" என்கிறாள்.