இடது காலில் நிற்கும் நாட்கள்

ஜூலை 9
வலது கால் சுண்டுவிரலுக்குப் பின்னால் ஓடும் எலும்பு உடைந்திருக்கிறது. ஐந்தாவது மெட்டாடார்சல். மாவுக்கட்டு வேண்டாம், வாக்கிங் பூட் போதும், ஆறு வாரம். 1902-இல் ராபர்ட் ஜோன்ஸ் என்ற மருத்துவர் இந்த எலும்பு முறிவதைப் பற்றி எழுதினாராம். ஆடும்போது உடைந்தது அவருடைய சொந்தக் கால். எனக்கு உடைந்திருப்பது அதற்குச் சற்றுப் பின்னால், சீக்கிரம் கூடும் இடம் என்றார் டாக்டர். சீக்கிரம் என்றால் எத்தனை நாள் என்று கேட்டேன். ஆகஸ்ட் 20 எக்ஸ்ரே பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

என் மாணவியின் நாட்டிய அரங்கேற்றம் 25.

ஜூலை 10
தூக்கம் இல்லை.

ஜூலை 12
அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நான் பூட்டோடு நிலைப்படியைத் தாண்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அவ்வளவுதான். சாமி அறை வாசலில் நின்றே கும்பிட்டேன். சாயங்காலம் அவளே ஈரத்துணியும் முக்காலியும் கொண்டுவந்து வாசலில் போட்டாள். "வெளிய போயிட்டு வந்தா இதுல உக்காந்து அடியைத் துடைச்சிட்டு வாடி."

ஜூலை 15
இடுப்பு வலி. கால் வலியை விட அதிகம். பூட்டின் அடி தடிமன். வலது கால் உயர்ந்து, இடது பள்ளத்தில் நடக்கிறது. தெருமுனையில் செருப்புத் தைக்கிறவர் என்னை நிற்கவைத்து, இடது காலுக்கு அடியில் அட்டையை ஒவ்வொன்றாகச் செருகினார். இடுப்பு சமமானதும் நிறுத்தினார். அந்த அளவுக்கு எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் ஷீட்டை வெட்டிப் புதுச் செருப்பின் அடியில் ஒட்டித் தைத்தார். பத்து நிமிஷ வேலை. வீட்டுக்குள் போட இன்னொரு ஜோடியும் வேண்டும். வெறுங்காலோடு ஒரு பக்கம் நடந்தால் மறுபடி இடுப்பு.

ஜூலை 16
வலி பாதியாகிவிட்டது. அவருக்கு இன்னும் கொஞ்சம் கூடக் கொடுத்திருக்க வேண்டும்.

ஜூலை 21
இந்த வெயிலில் பூட்டுக்குள் வியர்வை. முழங்கால் வரை பருத்தி சாக்ஸ், தையல் வெளிப்பக்கம் வரும்படி திருப்பிப் போட வேண்டும். இல்லாவிட்டால் விரல் ஓரத்தில் சிவந்துவிடுகிறது. மூன்று ஜோடி. உள்ளே இருக்கும் மெத்தையை ராத்திரி கையால் அலசி, ஃபேனுக்கு அடியில் போட்டுவிடுகிறேன். காலையில் பூட்டின் காற்றுப் பையில் காற்று ஏற்றினால் கச்சிதமாக இருக்கிறது. நாலு மணிக்கு வீக்கம் வந்ததும் கொஞ்சம் இறக்கிவிட வேண்டும்.

ஜூலை 22
மாணவி வர்ணம் என்ற நீண்ட உருப்படியில் மூன்றாவது தீர்மானத்தில், அந்த ஜதிக் கோவையில், அவசரப்படுகிறாள். எழுந்து ஆடிக் காட்ட முடியவில்லை. வாயால் சொன்னேன். கையால் காட்டினேன். போதவில்லை.

ஜூலை 28
பட்டுப்புடவை நாசம். பூட்டின் ஒட்டுப் பட்டை கொசுவத்தைக் கவ்வி, மயில்கழுத்துப் பச்சையில் மூன்று இடத்தில் இழை இழுத்துவிட்டது. அழுதேன். புடவைக்காக மட்டும் அழவில்லை.

ஜூலை 30
அம்மா தன் பழைய சுங்குடியைக் கிழித்திருக்கிறாள். அரக்கில் வெள்ளைப் புள்ளி. பூட்டைச் சுற்றி அளவெடுத்து, பட்டைகளை மூடும்படி ஓர் உறை. பின்னால் நாடா. அடிப்பக்கம் திறந்தே இருக்கிறது. துணி அடியில் வந்தால் வழுக்கும் என்று நான் சொல்லவே இல்லை, அவளுக்கே தெரிந்திருக்கிறது. கால் அழகாக இருக்கிறது. மூன்று வாரத்தில் முதல்முறையாக அதைக் குனிந்து பார்த்தேன்.

ஆகஸ்ட் 4
புடவை கட்டும் முறை இதுதான்: முதலில் பூட், உயரச் செருப்பு. பிறகு உள்பாவாடை, பிறகு கொசுவம். மாற்றிச் செய்தால் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். அரங்கேற்றத்துக்கு அரக்குக் கரை எடுத்து வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 7
மீனாட்சி கோயில் வாசல் வரை போனேன், உள்ளே போகவில்லை. அம்மா மட்டும் போய் நடராஜர் சந்நிதியான வெள்ளியம்பலத்தில் விளக்கேற்றினாள். மற்ற இடங்களில் இடது காலைத் தூக்கி ஆடுகிறவர் இங்கே வலது காலைத் தூக்கி நிற்கிறார். நாட்டியம் கற்ற ராஜசேகர பாண்டியன், ஒற்றைக் காலில் நிற்கும் வலி தெரிந்து, கால் மாற்றி ஆடும்படி மன்றாடினான் என்று கதை. இருபது வருஷமாகக் குழந்தைகளுக்குச் சொல்கிற கதை. அந்த அரசனுக்கு என்ன வலித்திருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. ராத்திரி முழுக்க இடது கெண்டைக்கால் துடிக்கிறது.

ஆகஸ்ட் 11
படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகிற கால் முதலில். ஊன்றுகோல் இடது கையில். மேடைக்கு ஐந்து படி. சின்ன வயதிலிருந்து வலது காலெடுத்து வைத்துத்தான் மேடை ஏறியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 12
அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 15
சம்மணம் போட முடியாது. தாளம் தட்டி ஜதி சொல்லும் நட்டுவாங்கத்துக்கு உயரம் குறைந்த மணை, பூட்டை நீட்ட வலப்பக்கம் ஒரு தலையணை. பாடுகிறவர் ஒரு முழம் தள்ளி உட்காரச் சம்மதித்தார். தாளம் கையில் வந்ததும் கால் மறந்துபோயிற்று. ஒரு மணி நேரம்.

ஆகஸ்ட் 19
நாளைக்கு. ஓரத்தை அழுத்தினால் வலி இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன். மறுபடி மறுபடி அழுத்திப் பார்க்கக் கூடாது.

மாணவி இன்னும் மூன்றாவது தீர்மானத்தில் ஓடுகிறாள். எக்ஸ்ரே முடிந்ததும் நேரே வகுப்புக்கு வருகிறேன், சலங்கை கட்டி வை என்று சொல்லியிருக்கிறேன். உறை துவைத்துக் கொடியில் காய்கிறது. காலைக்குள் காய்ந்துவிட வேண்டும்.