கடன் அட்டையும் அந்த மூன்று வேலை நாட்களும்

இணையத்தில் பொருள் வாங்கும்போது டெபிட் கார்டைத் தவிர்த்துக் கடன் அட்டையைப் பயன்படுத்துங்கள் என்று உறவினர்களிடமும் நண்பர்களிடமும் நான் தொடர்ந்து வலியுறுத்தி வருகிறேன். ரிவார்டு புள்ளிகளோ பண்டிகைத் தள்ளுபடியோ அதற்குக் காரணம் அல்ல. டெபிட் கார்டில் மோசடி நடந்தால் சேமிப்புக் கணக்கில் இருக்கும் நம் பணம் அப்போதே போய்விடுகிறது. அது திரும்பி வரும்வரை வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் காத்திருப்பதில்லை. கடன் அட்டையிலோ அது பில்லில் ஏறும் ஒரு தொகை மட்டுமே என்பதால், கையிலிருந்து பணம் கொடுப்பதற்கு முன்பே வங்கியிடம் முறையிட நமக்கு வாய்ப்பு இருக்கிறது.

ஓடிபி இல்லாமல் யாரும் பணம் எடுக்க முடியாது என்ற நம்பிக்கை நம்மிடையே பரவலாக இருக்கிறது. 2009 ஆகஸ்ட் முதல் இணையவழி அட்டைப் பரிவர்த்தனைகளுக்குக் கூடுதல் சரிபார்ப்பை ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியதால், உள்நாட்டுத் தளங்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரிதான். ஆனால் பல வெளிநாட்டுத் தளங்களில் அட்டை எண்ணும், காலாவதித் தேதியும், பின்புறமுள்ள சிவிவி எண்ணும் இருந்தாலே போதும், பணம் கழிக்கப்பட்டுவிடும். ஆகவே வங்கிச் செயலியில் அட்டைக்கான பகுதியைத் திறந்து, வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கான பொத்தானை அணைத்து வைத்து, உள்நாட்டு இணையப் பயன்பாட்டுக்கும் ஒரு வரம்பைக் குறித்து வைப்பது நல்லது. இந்த வசதியை எல்லா வங்கிகளும் தர வேண்டும் என்பது 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதி. தேவைப்படும் நாளில் திறந்து, வாங்கி முடித்ததும் மூடிவிடலாம்.

2022 அக்டோபர் முதல் கடைகள் நம் அட்டை எண்ணைத் தங்களிடம் சேமிக்கக் கூடாது. அதற்குப் பதிலாக டோக்கன் எனும் மாற்று எண்ணைத்தான் வைத்திருக்கலாம். நல்ல ஏற்பாடுதான்.

இவற்றையெல்லாம்விட ஒவ்வொருவரும் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டியது 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட பொறுப்பு வரம்பு விதிகளை, அதாவது மோசடி இழப்பில் வாடிக்கையாளர் எவ்வளவு ஏற்க வேண்டும் என்று சொல்லும் விதிகளை. வங்கியின் மீதோ நம் மீதோ தவறு இல்லாமல் மூன்றாம் தரப்பால் பணம் போனால், வங்கியின் தகவல் வந்த நாளை விட்டுவிட்டு அடுத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவிப்பவருக்கு எந்த இழப்பும் கிடையாது. நான்கிலிருந்து ஏழு வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், 5 லட்சம் ரூபாய் வரையிலான வரம்புள்ள கடன் அட்டைக்கு அதிகபட்சம் 10,000 ரூபாயை நாம் ஏற்க நேரிடலாம்; அதற்கும் பிந்தினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படிதான் எல்லாம். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கியைச் சேர்ந்ததே. ஆனால் ஓடிபியை நாமே பிறரிடம் சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு முழுவதும் நம்முடையது. அதனால்தான் ஓடிபி குறுஞ்செய்தியில் ஆறு இலக்கங்களை மட்டும் பார்க்காமல், அதிலேயே இருக்கும் கடையின் பெயரையும் தொகையையும் படித்துவிட்டுப் பதிவிடச் சொல்கிறேன்.

பில்லை முழுமையாகக் கட்டுபவருக்கே இந்த அட்டை பொருந்தும் என்பதையும் சொல்லியாக வேண்டும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் புதிதாக வாங்கும் பொருள்களுக்கும் வட்டியில்லாக் காலம் போய்விடுகிறது. பல அட்டைகளில் வட்டி ஆண்டுக்கு 40 விழுக்காட்டைத் தாண்டுகிறது.

மோசடி நடந்தது தெரிந்தவுடன் செயலியில் அட்டையை முடக்கிவிட்டு, வங்கிக்குப் புகார் அளித்து, அந்தப் புகாரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐயும் உடனே அழையுங்கள். பொருளே வந்து சேரவில்லை, கடையும் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறது என்றால், ஆர்டர் விவரத்தையும் கடையுடன் நடந்த மின்னஞ்சல்களையும் இணைத்து, கடைக்குப் போன பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறும் சார்ஜ்பேக்கை வங்கியிடம் கேட்கலாம். வங்கி 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் நியாயமாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியாகவே கட்டணமின்றி முறையிடலாம்.