பார்க்கிங் மனுக்களைப் படிக்கும் வேலை

நகரத் திட்டமிடல் துறையில் என் பங்குக்கு அதிகம் வந்தது, மக்கள் அனுப்பும் கருத்துகளைப் படித்துத் தொகுக்கும் வேலை. ஒரு திட்டத்தின் வரைவு வெளியாகும். ஆட்சேபணைகளும் ஆலோசனைகளும் வந்து குவியும். அவற்றைத் தலைப்பு வாரியாகப் பிரித்து, சுருக்கி, மேலே அனுப்ப வேண்டும். நகரம் எப்படி வளர வேண்டும் என்று வகுக்கும் முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) வரைவு வெளியான பிறகு, மக்கள் எழுத்துமூலம் கருத்துச் சொல்லக் குறைந்தது 2 மாத அவகாசம் தர வேண்டும் என்று தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 சொல்கிறது. மழைநீர் வடிகால், ஏரி எல்லை, சாலை அகலப்படுத்துதல் என்று எத்தனையோ வரும். சென்னையில் எந்தப் பகுதியை எடுத்தாலும் தவறாமல் வருவது பார்க்கிங்.

நான் வேலை பார்த்த இடம் ஒன்றில் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது. எக்ஸெல் தாளில் ‘கூடுதல் பார்க்கிங் தேவை’ என்று ஒரு பத்தி. மனுவில் அந்தப் பொருள் தெரிந்தால் அதில் 1 என்று போட்டுவிட்டு அடுத்த மனுவுக்குப் போய்விட வேண்டும். கடைசியில் கூட்டினால், பெரும்பாலான மக்கள் கட்டடங்களில் நிறுத்த இடத்தை அதிகமாக்கச் சொல்கிறார்கள் என்ற முடிவு வரும். அந்த முடிவை நான் நம்பவில்லை. மனுக்களை முழுதாகப் படித்தவர் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒரு மனு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஓய்வு பெற்ற ஒருவர், கோடு போட்ட முழுத்தாளில், இரண்டு பக்கமும் நிறைத்து எழுதியது. ‘வாகன நிறுத்த விதிகளைக் கடுமையாக்க வேண்டும்’ என்பதுதான் பொருள். உள்ளே படித்தால் அவரிடம் கார் கிடையாது. மனைவிக்கு டயாலிசிஸ். வாரத்தில் மூன்று நாள் விடிகாலையில் கால் டாக்சி வரும், ஆனால் வாசலில் நிற்க முடியாது. எதிரே இருக்கும் டியூஷன் சென்டருக்கு வருகிற பிள்ளைகளின் வண்டிகள் அந்நேரத்துக்கே கேட்டை அடைத்து நிற்கும். தெருமுனை வரை மனைவியைக் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தார். அவர் கேட்டது வாசலில் பத்து நிமிடம் காலியாக இருக்கும் ஓர் இடம். இதற்கும் ஒரு 1 போட்டால், அது புதுக் கட்டடங்களில் இன்னும் பல கார்களுக்கு இடம் ஒதுக்கச் சொல்லும் ஓட்டாக மாறிவிடும். அப்படி மாற்றுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

விதியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், கட்டடத்தின் பயன்பாட்டையும் பரப்பையும் வைத்துக் குறைந்தபட்சம் எத்தனை வண்டிக்கு இடம் விட வேண்டும் என்று நிர்ணயிக்கின்றன. ஒரு காருக்கு 2.5 மீட்டருக்கு 5 மீட்டர், அதாவது ஏறக்குறைய 135 சதுர அடி. வண்டி உள்ளே வந்து திரும்பிப் போக டிரைவ்வேயும் சேர்த்தால் அதைப் போல இரண்டு மடங்கு ஆகிவிடும். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஒரு குடும்பத்துக்குக் கட்டித் தரும் வீடு 400 சதுர அடியை ஒட்டித்தான் இருக்கிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு, ‘ஒரு வீட்டுக்கு இரண்டு கார் இடம் கட்டாயம்’ என்று கேட்கும் மனுவை என்னால் லேசாகக் கடந்துபோக முடிவதில்லை. அந்த இடத்தின் விலையும் வாடகையில்தான் ஏறும். கார் இல்லாத குடும்பமும் சேர்ந்துதான் கட்டும்.

சரி, விதிப்படி விட்ட இடமாவது பயன்படுகிறதா? தூண்கள் மட்டும் நிற்க, நிறுத்துமிடமாக விடும் ஸ்டில்ட் தளம், மனையின் பரப்புக்கு எவ்வளவு கட்டலாம் என்று சொல்லும் எஃப்.எஸ்.ஐ. கணக்கில் சேராது என்பதால், வரைபடத்தில் எல்லாரும் ஒழுங்காகக் காட்டுவார்கள். நேரில் போய்ப் பாருங்கள். ஒரு வணிகக் கட்டடத்தின் பேஸ்மெண்டுக்கு அனுமதி வரைபடத்தோடு போயிருந்தேன். தரையில் மஞ்சள் கோடும் எண்களும் மங்கலாகத் தெரிந்தன. அவற்றின் மேல் துணி பேல்கள் ஆள் உயரத்துக்கு. சரிவுப் பாதையின் அடியில் வாட்ச்மேனின் கட்டிலும் அடுப்பும். மேலே ரோட்டில் வாடிக்கையாளர்களின் பைக்குகள் நடைபாதை முழுக்க ஏறி நின்றன. அந்தத் தெருக்காரர்கள் ‘இந்தக் கட்டடத்துக்கு பார்க்கிங் இல்லை’ என்று மனு கொடுத்திருந்தார்கள். காகிதத்தில் இருக்கிறது. எண்ணிக்கையை இன்னும் கூட்டினால் என்ன கூடும்? பேல்கள்தான் கூடும்.

மனுவே எழுதாதவர்களைப் பற்றிய கவலை எனக்கு இதைவிடப் பெரிது. பஸ்ஸில் வருபவர், நடந்து போகும் பள்ளிப் பிள்ளைகள், நடைபாதையில் கடை போட்டவர் யாரும் பார்க்கிங் விதி தங்களைப் பற்றியது என்று நினைப்பதில்லை. ஒருமுறை களஆய்வில் பூ விற்கும் அம்மா ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். “ஏம்மா, நான் கூடையை வெச்சா ரோட்டை அடைக்கிறேன்னு ஆள் வந்துடுது. அதே இடத்துல கார் நாள் முழுக்க நிக்குது, அதை யாரு கேட்கிறாங்க?” என்றார். அந்த வருடம் நான் படித்த எந்த மனுவிலும் இவ்வளவு தெளிவான கேள்வி இல்லை. 2006-இன் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, நிறுத்தக் கட்டணம் அந்த நிலத்தின் உண்மையான மதிப்பைக் காட்ட வேண்டும் என்றது. அவர் கேட்டதும் அதுதான்.

பாண்டி பஜாரில் 2019-இல் நடைபாதை வளாகம் திறக்கும் முன்பு, வண்டி நிறுத்த முடியாவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று பல கடைக்காரர்கள் பயந்தார்கள். இப்போது மாலை வேளையில் அங்கே குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நிதானமாக நடக்கலாம். அதே சமயம் பக்கத்துத் தெருக்களில் வண்டிகள் நெருக்குவதையும் பார்க்கிறேன். அங்கே குடியிருப்பவர்களின் கோபம் நியாயமானது. ஒரு சாலையை மட்டும் சீர்செய்து, சுற்றியுள்ள தெருக்களை அதன் போக்கில் விட்டால் இப்படித்தான் ஆகும்.

ஒரு கலந்தாய்வுக் கூட்டத்தில், லண்டன் மாநகரம் 2004-இல் குறைந்தபட்ச விதியைக் கைவிட்டு, இதற்கு மேல் இடம் கட்டக் கூடாது என்ற உச்சவரம்புக்கு மாறியதைச் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, “அங்க ரயில் இருக்கு மேடம். எங்க ஏரியாவுல ராத்திரி ஒன்பது மணிக்கு மேல பஸ்ஸே கிடையாது. ஸ்கூட்டி இல்லாம நான் எப்படி வீட்டுக்குப் போறது?” என்றார். கூட்டமே கைதட்டியது. அவர் சொன்னதைப் பார்க்கிங் என்ற தலைப்பில் சேர்க்க மனம் ஒப்பவில்லை. போக்குவரத்து என்ற தலைப்பின் கீழ், வழித்தடத்தையும் நேரத்தையும் குறித்து எழுதினேன். மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மனைக்கும், பேருந்தே எட்டிப் பார்க்காத விளிம்புப் பகுதிக்கும் ஒரே அளவு விதி வைப்பது தவறு என்பது அன்றைக்கு எனக்கு உறுதியாயிற்று.

இப்போது என் தாளில் பத்திகள் வேறு. வண்டி யாருடையது, எந்த நேரத்தில் எங்கே நிற்கிறது, யாருக்கு வழி மறிக்கிறது, அந்த வீட்டுக்குப் பக்கத்தில் பேருந்து உண்டா? தொகுக்க நேரம் பிடிக்கிறது, மேலே இருப்பவர்கள் அவசரப்படுத்துகிறார்கள், ஆனாலும் விடுவதில்லை. 2008-இல் அறிவிக்கப்பட்ட சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2026-ஐ இலக்காகக் கொண்டது. மூன்றாவது தயாராகி வருகிறது. அதன் வரைவுக்குக் கருத்து எழுதப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ‘எங்கள் பகுதியில் பார்க்கிங் போதவில்லை’ என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். தெருவின் பெயர், நெருக்கடியான நேரம், நிற்பவை யாருடைய வண்டிகள், அதனால் நடுரோட்டில் இறங்கி நடப்பவர்கள் யார் என்று எழுதுங்கள். முடிந்தால் ஒரு போட்டோ. உங்கள் வீட்டில் வண்டி இல்லையென்றால் அதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். அப்படிப்பட்ட மனுக்கள் எங்களுக்கு மிகக் குறைவாகவே வருகின்றன.