பேரிங் புதுசு, சத்தம் பழசா?

வீட்டிலேயே சக்கர பேரிங்கை (சக்கரம் லேசாகச் சுழல உதவும், இரண்டு வளையங்களுக்கு நடுவே பந்துகள் உள்ள பாகம்) மாற்றிவிட்டு, "சத்தம் போகலைங்க" என்று காரைக் கொண்டுவருபவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: மாற்றுவதற்கு முன்னால் கேட்ட அதே சத்தம்தானா இது? பெரும்பாலும் "அதேதாங்க" என்று பதில் வரும். காசு போட்டு பார்ட்ஸ் வாங்கி, லீவு நாள் முழுக்க மல்லுக்கட்டி மாட்டியவருக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் பழைய சத்தம் இருக்கும்போதே புதுச் சத்தம் ஒன்று வந்து சேர்ந்துகொள்வது சாதாரணமாக நடக்கிறது. இரண்டையும் ஒன்றாக நினைத்துத் தேடினால் எந்தச் சோதனையும் ஒத்துவராது.

கோவையில் எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு ஹேட்ச்பேக்கைச் சொல்கிறேன். ஓட்டி வந்த தம்பி ஒரு மில்லில் மெயின்டெனன்ஸ் பிரிவில் இருப்பவர், ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த கை. 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் 'ஊம்' என்று சத்தம் வந்திருக்கிறது. முன்பக்க இடது சக்கர பேரிங்தான் என்று முடிவு செய்து, பேரிங்கைத் தாங்கும் பாகமான நக்கிளைக் கழற்றிப் புது பேரிங் போட்டுவிட்டார். "பேரிங்கே டூப்ளிகேட்டா இருக்குமோண்ணா?" என்றார். டூப்ளிகேட் பேரிங் கடைகளில் புழங்குவது உண்மைதான். ஆனால் பார்ட்ஸ் மேல் பழி போடுவதற்கு முன் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

அவரையே ஓட்டச் சொல்லி நீலாம்பூர்–மதுக்கரை பைபாஸ் பக்கம் போனோம். வண்டி மெதுவாக நகரும்போதே 'சர்க் சர்க்' என்று தகரம் உரசியது. டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் டஸ்ட் ஷீல்டு அது. மெல்லிய தகடு, நக்கிளைக் கழற்றும்போது கொஞ்சம் அழுத்தினாலே வளைந்துவிடும். பிரேக் வேலையோ பேரிங் வேலையோ, முடித்த கையோடு புதுசாகச் சத்தம் வந்தால் முதலில் இதைப் பார்த்துவிடுவது நல்லது. ஓரமாக நிறுத்தி, ஸ்க்ரூடிரைவரால் லேசாக நெம்பினேன். போய்விட்டது.

70-ஐத் தொட்டதும் நியூட்ரலில் விடச் சொன்னேன். இன்ஜின் வேகம் இறங்கியது, சத்தம் இறங்கவில்லை. அப்படியென்றால் இன்ஜினை விட்டுவிடலாம், சக்கரங்களைத் தேடினால் போதும். ரோடு காலியாக இருந்த இடத்தில் ஸ்டியரிங்கை மெல்ல வலப்பக்கம் ஒடித்தபோது உறுமல் கூடியது. வலப்பக்கம் திரும்பினால் பாரம் இடது சக்கரங்களில் ஏறும். ஆக, அவர் மாற்றிய அந்தப் புது பேரிங் மேல்தான் சந்தேகம் விழுந்தது. இடப்பக்கம் ஒடித்ததும் உறுமல் அடங்கியது, ஆனால் அதற்கு அடியில் ஒரு மெல்லிய 'ஊம்' மிச்சம் இருந்தது. வழவழப்பான தாரில் அது குறைந்தது, சொரசொரப்பான இடத்தில் கூடியது. பேரிங் சத்தம் இப்படி ரோட்டுக்கு ரோடு மாறுவதில்லை. டயர் சத்தம்தான் மாறும்.

பட்டறையில் ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு வைத்து, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே மறு கை விரல்களைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மேல் வைக்கச் சொன்னேன். காதுக்கு எட்டாத கரகரப்பும் ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வந்துவிடும். வலது சக்கரத்தில் ஒன்றுமில்லை. இடது சக்கரத்தில் கை வைத்ததும் அவர் முகம் மாறியது.

சக்கரம் மாட்டும் நடுப்பாகமான ஹப்பை, அழுத்தித் தள்ளும் மெஷினான பிரஸ்ஸில் தள்ளி எடுத்தோம். பேரிங்கின் உள் வளையத்தில் ஒரு பாதி ஹப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. கிரீஸைத் துடைத்து டார்ச் அடித்துப் பார்த்தால், பளபளப்பான பாதையில் ஒரே சீரான இடைவெளியில் சின்னச் சின்னக் குழிகள். பந்துகளுக்கு நடுவே இருக்கும் அதே இடைவெளி. நக்கிளுக்குள் பேரிங்கை இறக்கும்போது வெளி வளையத்தில்தான் அழுத்த வேண்டும், அதை அவர் சரியாகச் செய்திருந்தார். ஹப்பை உள்ளே ஏற்றும்போது, பின்பக்கம் உள் வளையத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். அந்த முட்டு இல்லாமல் சுத்தியலால் இறக்கியிருக்கிறார். அடித்த அடி அத்தனையும் பந்துகள் வழியாகப் போய்ப் பாதையைக் குழியாக்கிவிட்டது. நல்ல கம்பெனி பேரிங்தான், மாட்டும்போதே செத்துவிட்டது. இந்த ஒரு வேலையை மட்டும் பிரஸ் உள்ள லேத் பட்டறையில் கொடுத்துவிடுங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். மற்றதை வீட்டில் தாராளமாகச் செய்யலாம்.

இன்னொரு பேரிங்கை அவரே எங்கள் பிரஸ்ஸில் ஏற்றினார். ஹப்பைப் பிடித்திருக்கும் ஆக்சில் நட்டைக் கம்பெனி சொன்ன அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கிய பிறகே சக்கரத்தைத் தரையில் இறக்கவிட்டேன். இதில் நான் பிடிவாதக்காரன். அந்த நட் தளர்வாக இருக்கும்போது வண்டியின் எடை விழுந்தாலோ உருட்டினாலோ, புது பேரிங்கும் கெட்டுவிடும்.

அப்புறம் அந்த 'ஊம்'. பின் டயரில் உள்ளங்கையை வைத்து ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கிக்கொண்டு போனது, எதிர்ப்பக்கம் தடவினால் ரம்பப் பல் மாதிரி தட்டியது. முன் டயரையும் பின் டயரையும் இடம் மாற்றி ஓட்டியபோது சத்தம் பின்னாலிருந்து முன்னால் வந்துவிட்டது. பேரிங்கை மாற்றுவதற்கு முன்னால் அவர் கேட்டது இதைத்தான். கழற்றிப் போட்ட பழைய பேரிங்கைக் கையோடு கொண்டுவந்திருந்தார். சுற்றிப் பார்த்தேன், கரகரப்பே இல்லை.

டயர் அப்படித் தேய்ந்ததற்குக் காரணம் தேடினால், பின் ஷாக் அப்சார்பர் இரண்டிலும் ஆயில் கசிந்திருந்தது. "அதை நானே மாத்திக்கறண்ணா" என்றார். தாராளமாக மாற்றச் சொன்னேன். கீழ் போல்ட்டைக் கழற்றுவதற்கு முன் ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கியை முட்டுக் கொடுத்து வைக்க வேண்டும் என்பதை மட்டும், வண்டிக்கு அடியில் படுக்க வைத்துக் காட்டி அனுப்பினேன்.