சின்னப் பள்ளியின் சதவீதத்தை எப்படிப் படிப்பது?

எட்டுப் பிள்ளைகள் படிக்கும் ஐந்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை என்றால் 12.5 சதவீதம். போன வருடம் ஆறு பேர் ஒரு சிறுகதையைத் தடையில்லாமல் வாசித்தார்கள், இந்த வருடம் நாலு பேர்தான் என்றால் தாளில் 75, 50 என்று விழும். பள்ளிக்கூடம் கெட்டுப்போச்சு என்று ஊரில் பேச்சு கிளம்பிவிடும். வித்தியாசம் இரண்டு பிள்ளைகள். அதுவும் போன வருடம் இருந்தவர்கள் வேறு, இந்த வருடம் இருப்பவர்கள் வேறு. கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த அளவு வகுப்புகள் உள்ள அரசு தொடக்கப் பள்ளிகள் நிறைய இருக்கின்றன. அவற்றைச் சதவீதம் போட்டு வரிசைப்படுத்துவது தவறு என்பதே என் உறுதியான கருத்து. அதே பிள்ளை ஜூனில் எங்கே இருந்தது, பிப்ரவரியில் எங்கே வந்திருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். இந்தப் பெருமையைச் சொல்லி அரசுப் பள்ளியை அளப்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். படித்த பெற்றோர் பள்ளியைத் தேர்ந்தெடுப்பார்கள். மிஷன் காலத்திலிருந்து வேரூன்றிய உதவிபெறும் பள்ளிகள் ஒரு பக்கம், வீட்டு வாசலுக்கு வேன் அனுப்பும் ஆங்கில வழிப் பள்ளிகள் இன்னொரு பக்கம். வேன் கட்டணம் கட்ட முடியாதவர்கள், பாதி வருடத்தில் ஊர் மாறி வருபவர்கள், வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளைகள் அரசுப் பள்ளிக்கு வருகிறார்கள். யார் வந்தாலும் சேர்த்துக்கொள்கிற பள்ளியை, வடிகட்டிச் சேர்க்கிற பள்ளியோடு ஒரே தராசில் வைக்கக் கூடாது.

யார் வருகிறார்கள் என்பதும் ஒன்றியத்துக்கு ஒன்றியம் மாறும். தூத்தூர் பக்கம் அப்பா ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்புவதில்லை. பேச்சிப்பாறைக்கு மேலே காணிக்காரர் என்ற பழங்குடியினரின் குடியிருப்புப் பிள்ளைகளின் வீட்டுப் பேச்சு பாடநூல் தமிழ் அல்ல. விளவங்கோடு எல்லைப்புறத்தில் வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைகள் உண்டு. செங்கல் சூளைக்கு வேலைக்கு வந்த குடும்பத்தின் குழந்தை இந்தியோ ஒடியாவோ பேசிக்கொண்டு வரும். பதிவேட்டின் தாய்மொழிக் கட்டத்தில் 'தமிழ்' என்று இருப்பதை அப்படியே நம்பாமல், வீட்டில் அம்மாவோடு எந்த மொழியில் பேசுகிறாய் என்று பிள்ளையிடம் கேட்டு எழுதுங்கள்.

ஆசிரியர்கள் இதையெல்லாம் குறித்துவைக்க ஒரு நீளமான தாள் போதும், பிள்ளைக்கு ஒரு வரி. பிறந்த மாதம் (ஒரே வகுப்பில் கிட்டத்தட்ட ஒரு வயது வித்தியாசம் இருக்கும், ஒன்றாம் வகுப்பில் அது பெரிய வித்தியாசம்), அங்கன்வாடிக்கோ எல்.கே.ஜி.க்கோ போனதா, இந்தப் பள்ளியில் சேர்ந்த தேதி, வீட்டு மொழி, மாதவாரி வருகை, ஜூன் வாசிப்பு நிலை, பிப்ரவரி வாசிப்பு நிலை. கணக்குக்கும் அதே இரண்டு கட்டங்கள். பிறந்த மாதம், சேர்ந்த தேதி, வருகை எல்லாம் எமிஸ் என்ற கல்வித்துறையின் இணையப் பதிவிலேயே கிடைக்கும்.

வாசிப்பைத் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். வகுப்புக்குள் வேண்டாம், வராந்தாவில் உட்காருங்கள். முன்னால் படித்தவன் சொன்னது அடுத்தவன் காதில் விழக் கூடாது. எழுத்து, சொல், நாலு வரிப் பத்தி, எட்டுப் பத்து வரிக் கதை என்று நாலு அட்டை. பத்தியிலிருந்து தொடங்கி, தடுமாறினால் கீழே இறங்குங்கள், சரளமாக வந்தால் கதைக்குப் போங்கள். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும். கணக்கில் கடன் வாங்கிக் கழிக்கும் இரண்டிலக்கக் கழித்தல், அது வந்தால் மூன்றிலக்கத்தை ஓரிலக்கத்தால் வகுத்தல்.

இதில் அதிகம் தவறுவது அட்டையில்தான். பாடநூல் பத்தியை எடுத்தால் பாதிப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள், கண் தாளில் இருக்காது. புதிதாக எழுதுங்கள், பிப்ரவரிக்கு வேறு பத்தி வையுங்கள், ஆனால் அதே நீளம், அதே கடினம். சோதிப்பவர் இரண்டு முறையும் ஒரே ஆளாக இருக்கட்டும். நம் ஊர் உச்சரிப்பைப் பிழையாக எண்ணாதீர்கள். சொல் சரியென்றால் சரி.

வருகையில் சதவீதம் இன்னும் ஏமாற்றும். கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்குக் கேட்பது 200 வேலை நாள். 75 சதவீத வருகை என்றால் 50 நாள் போய்விட்டது. அந்த 50 நாள் வாரத்துக்கு ஒன்றிரண்டாகச் சிதறியதா, ஒரே மூச்சில் போனதா? ஒரே மூச்சில் என்றால் அந்த நாட்களில் நடந்த பாடம் முழுதாக விடுபட்டிருக்கும். அதை மட்டும் எடுத்துச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை எழுந்துவிடும். ஊர் மாறிப் போய்விட்டு, வேறெங்கும் சேராமல் பதிவில் மட்டும் பெயர் நிற்கும் பிள்ளைகளையும் தனியே குறியுங்கள். இல்லாவிட்டால் வருகை, தேர்ச்சி இரண்டும் காரணமில்லாமல் கீழே இழுபடும்.

ஒன்றாம் வகுப்பிலிருந்தே இங்கே படித்தவர்கள், பிறகு வந்து சேர்ந்தவர்கள் என்று தாளை இரண்டாகப் பிரியுங்கள். பள்ளியின் உழைப்பு முதல் குழுவில்தான் தெரியும். அதிலும் ஒரு வருடம் சேர்ந்தவர்களை இன்னொரு வருடம் சேர்ந்தவர்களோடு ஒப்பிடும்போது கவனம் வேண்டும்: 2020-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்களுக்குக் கொரோனாவால் மூடிய பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1-ல், அதற்குள் இரண்டாம் வகுப்பே பாதி ஓடிவிட்டது. சின்ன வகுப்புகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுத்தரும் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022 ஜூனில் வந்தபோது அவர்கள் மூன்றாம் வகுப்பு.

ஆசிரியர் எண்ணிக்கையையும் தாளின் தலையில் எழுதுங்கள். சட்டப்படி 60 பிள்ளை வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று. ஐந்து வகுப்பையும் இரண்டு பேர் நடத்தும் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போனால் அன்று ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். அந்த நாட்களையும் எண்ணி வைத்தால், ஆள் கேட்டு மனு எழுதும்போது கையில் கணக்கு இருக்கும்.

சாதி, மதம் வாரியாகப் பிரித்துச் சுவரில் ஒட்டாதீர்கள். எட்டுப் பேர் வகுப்பில் ஒரு பிரிவில் ஒரே பிள்ளை இருந்தால் அது யார் என்று ஊருக்கே தெரியும். பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்தான். அவர்கள் முன் வைக்க வேண்டியது இத்தனை பேர் எழுத்திலிருந்து சொல்லுக்கு, இத்தனை பேர் பத்தியிலிருந்து கதைக்கு நகர்ந்தார்கள், இத்தனை பேர் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள் என்ற எண்ணிக்கை மட்டும். நின்றுவிட்ட பிள்ளையின் வரியை அதன் அம்மாவிடம் தனியாக, வேலை முடிந்து அவர் வரும் நேரத்தில் காட்டுங்கள்.