மதிப்பெண்ணும் குறிப்பும் ஒரே தாளில் வரும்போது

திருத்திய கட்டுரைத் தாள் கைக்கு வந்ததும் தொடக்கநிலை 5 பிள்ளை முதலில் பார்ப்பது மேல் மூலையில் இருக்கும் மதிப்பெண்ணை. அடுத்து, பக்கத்து மேசைக்காரன் எவ்வளவு வாங்கினான் என்று எட்டிப் பார்க்கும். ஓரத்தில் ஆசிரியர் பொறுமையாக எழுதிய மூன்று வரி படிக்கப்படாமலே கோப்புக்குள் போய்விடும். ஆண்டு இறுதியில் அலுவலகத்தில் நடப்பதும் இதேதான். போனஸ் எத்தனை மாதம் என்று தெரிந்துகொள்ளக் காத்திருப்பவர் காதில், "அறிக்கைகளை இன்னும் சுருக்கமாக எழுதலாம்" என்ற ஆலோசனை "உனக்குக் குறைத்துவிட்டோம்" என்றுதான் விழும்.

குறை சொன்னால் தாங்காதவர்கள் என்று மனிதர்களைப் பழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பெரும்பாலும் தவறு சொல்லும் முறையில் இருக்கிறது. திருத்தத்தையும் தீர்ப்பையும் ஒரே தட்டில் வைத்து நீட்டுகிறோம். தீர்ப்பு திருத்தத்தை விழுங்கிவிடுகிறது.

ரூத் பட்லர் என்ற உளவியலாளர் இஸ்ரேலியப் பள்ளி மாணவர்களிடம் இதைச் சோதித்து 1988இல் வெளியிட்டார். ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், இன்னொன்றுக்குக் குறிப்பு மட்டும், மூன்றாவதற்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அடுத்தடுத்த பயிற்சிகளில் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்களோ மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். 1996இல் குளூகர், டெனிசி என்ற ஆய்வாளர்கள் இருவரும், கருத்துச் சொல்வதன் பலன் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். கருத்துச் சொல்வது சராசரியாகப் பலன் தந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நேர்வுகளில் செயல்திறன் குறைந்திருந்தது. அவர்கள் தந்த விளக்கம்: கவனம் வேலையை விட்டு 'நான் எப்படிப்பட்டவன்' என்ற கேள்விக்குத் தாவினால் பலன் குறைகிறது. தன்னைக் காப்பாற்றிக்கொள்வதில் முனைந்திருக்கும் மனத்துக்கு ஒற்றெழுத்தைப் பற்றி யோசிக்க ஏது இடம்?

அந்த ஒற்றெழுத்தையே எடுத்துக்கொள்வோம். "அம்மாவை பார்த்தேன்", "கதவை திறந்தான்" என்று ஒரே கட்டுரையில் ஒன்பது இடங்களில் பிள்ளை எழுதியிருக்கிறது. ஒன்பதையும் சிவப்பில் வட்டமிட்டால் தாள் அம்மை போட்டதுபோல் ஆகிவிடும். வீட்டில் ஆங்கிலமே பேசி வளரும் பிள்ளை, "எனக்குத் தமிழ் வராது" என்று அன்றே முடிவு கட்டிவிடும். உண்மையில் அது ஒன்பது பிழை இல்லை, ஒரே பிழை. முதல் இரண்டை மட்டும் பென்சிலால் கோடிடுங்கள். 'ஐ' உருபுக்குப் பிறகு க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும் என்று ஓரத்தில் ஒரு வரி எழுதுங்கள். "இதே மாதிரி இன்னும் ஏழு இருக்கு, நீயே கண்டுபிடி" என்று கொடுங்கள். மதிப்பெண்ணை அன்று எழுத வேண்டாம். பிள்ளை திருத்திக் கொண்டுவந்த பிறகு போடுங்கள். ஒரு தாளில் மூன்று வகைப் பிழைக்கு மேல் தொட வேண்டாம். மிச்சம் அடுத்த கட்டுரைக்கு.

கட்டுமானத் தளத்தில் சிக்கல் வேறு. அங்கே 28 வயது மேற்பார்வையாளர் 50 வயதுக்காரரைத் திருத்த வேண்டியிருக்கும். வேலை தொடங்கும் முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டமான காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் இருபது பேர் முன்னால் "உங்களுக்கு எத்தனை தடவை சொல்றது?" என்றால் அவர் காதில் விழுவது அவமானம் மட்டுமே. அதையே தனியாக, வேலை நடக்கும் இடத்திலேயே, பொருளைத் தொட்டுக் காட்டிச் சொல்லலாம்: "அண்ணே, பாதுகாப்பு பெல்ட் ஹூக் இடுப்பு உயரத்துல மாட்டியிருக்கு. மேல இருக்கிற லைன்ல மாட்டுங்க, தவறினாலும் விழுற தூரம் குறையும்." இதில் ஆளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எது, எங்கே, ஏன் என்ற மூன்றும் இருக்கின்றன. உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும் தனிமைக்குக் காத்திருக்காமல் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். விளக்கத்தைப் பிறகு தனியே வைத்துக்கொள்ளலாம்.

பாராட்டு, நடுவில் குறை, மறுபடி பாராட்டு என்ற முறையைப் பயிற்சி வகுப்புகளில் விடாமல் சொல்லித் தருகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இரண்டு முறை பட்டவர் பாராட்டைக் கேட்டதுமே "அடுத்து என்ன வரப்போகுதோ" என்று இறுகிவிடுவார். நாளடைவில் உண்மையான பாராட்டும் செல்லாக்காசாகிவிடும்.

அலுவலகத்தில் செய்யக்கூடியது எளிது. போனஸ் பேச்சு டிசம்பரில் என்றால், வேலையைப் பற்றிய பேச்சை ஜூனிலும் செப்டம்பரிலும் நடத்துங்கள். அரை மணி நேரம், ஒரே ஒரு வேலை, அதன் ஒரே ஒரு பகுதி. முடிவில் கேட்டவரையே "அடுத்த தடவை எதை மாத்திச் செய்யப் போறீங்க?" என்று சொல்லவையுங்கள். அவர் சொல்வது நீங்கள் நினைத்ததாக இல்லாவிட்டால், அந்த இடத்திலேயே சரிசெய்ய முடியும்.

கேட்கும் பக்கத்தில் இருப்பவருக்கு: சொன்னதைச் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். முகம் சூடேறியிருக்கும்போது "கவனமா இருங்க" என்பது "நீ பொறுப்பில்லாதவன்" என்று நினைவில் பதிந்துவிடும். பதிலை மறுநாள் சொல்லலாம். அப்போதும் "ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று தொடங்க வேண்டாம், சொன்னவர் தன்னைக் காத்துக்கொள்ளத் தொடங்கிவிடுவார். "எந்த இடத்துல?" என்று கேளுங்கள். அவர் ஒரு மின்னஞ்சலையோ ஒரு பத்தியையோ காட்டினால் இருவரும் சேர்ந்து பார்க்க ஒரு பொருள் கிடைத்துவிடும். ஓர் இடம்கூடக் காட்ட முடியவில்லையென்றால், காட்டும் வரை அந்தக் கருத்தை ஒதுக்கி வைக்கலாம்.