மண்ணெண்ணெயில ஓடின ரோவர்

நான் இப்ப வாங்கித் திருத்திற பழைய காரைப் பாத்து "உது ஒஸ்டின் தானே?" எண்டு கேக்கிற ஆக்களுக்காகவே இதை எழுதுறன். இல்லை, இது 1956ம் ஆண்டு ரோவர் 90. இங்கிலாந்தில சொலிஹல்லில செய்தது, ஆறு சிலிண்டர், 2638 சிசி, உள்ளுக்கு லெதர் சீற், வால்நட் பலகை. ஒஸ்டினும் மொரிஸ் மைனரும் எங்கட ஊரில கன வீட்டில நிண்ட கார், ரோவர் காசுக்காரர் வீட்டில மட்டும்தான். பின்கதவுக்குப் பிணைச்சல் பின்பக்கம், வேட்டியோட ஏறி இறங்க நல்ல சுகம். டாஷ்போர்டுக்குக் கீழ ஒரு லாச்சி, இழுத்தா ஸ்பனர், குறடு எல்லாம் அதது அதின்ர குழியில படுத்திருக்கும். ஒரு பட்டனை அமத்தினா பெற்றோல் மீற்றர் முள்ளே எஞ்சின் ஒயில் மட்டத்தைக் காட்டும், எனக்கு இந்தக் காரில ஆகப் பிடிச்சது அதுதான்.

லொக் புக்கில, அதான் காரின்ர பதிவுப் புத்தகத்தில, எனக்கு முதல் வச்சிருந்த மூண்டு பேரின்ர பேர் இருக்கு. முதல் ஆள் ஒரு டொக்டர், பிறகு ஒரு புகையிலை வியாபாரி, அவரிட்ட இருக்கேக்க அந்தப் பக்கத்தில எந்தக் கலியாணத்துக்கும் மாப்பிளைக் கார் இதுதானாம். 70களில இறக்குமதிக் கட்டுப்பாடு வந்து சாமான் எடுக்கேலாமப் போக அவர் வித்திட்டார், வாங்கினது ஒரு வாத்தியார். காரின்ர உண்மையான கதை அவரோடதான் தொடங்குது.

1990இல சண்டை திரும்பத் தொடங்கினாப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோலும் இல்லை பற்றரியும் இல்லை. ஊரே மண்ணெண்ணெயில ஓடினது. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில ஆவியாகாது, அதால முதல்ல கொஞ்சம் பெற்றோலை, எண்ணெயைக் காத்தோட கலக்கிற காபரேற்றருக்கு விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் நல்லாச் சூடேறினாப் பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாத்தலாம். வாத்தியார் ஒரு சலைன் போத்தலை பொனற்றுக்குள்ள கட்டித் தொங்கவிட்டு, டியூபை காபரேற்றருக்குக் குடுத்து, சலைனுக்குத் துளி விடுற அந்தச் சின்ன உருளையாலேயே பெற்றோலைக் கூட்டிக் குறைச்சிருக்கிறார். 1995 ஒக்டோபர் 30, யாழ்ப்பாணச் சனம் சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு வெளிக்கிட்ட இடப்பெயர்வில, நடக்கேலாத தாயைப் பின்சீற்றில படுக்க வச்சு, அந்தச் சனத்துக்குள்ளால ஊர்ந்து ஊர்ந்து சாவகச்சேரி போய்ச் சேந்தது இதே கார்தான்.

ஆனா எரியாத மண்ணெண்ணெய் கீழ இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கிப் போடும், வால்விலையும் கரி பிடிக்கும். இந்த எஞ்சினில உள்ளிழுக்கிற வால்வு மேல ஹெட்டில, புகை போற வால்வு பக்கத்தில புளொக்கில, கழட்டிப் பாத்தா புகை வால்வுகள் எரிஞ்சு ஓரம் எல்லாம் பல்லுப்பல்லா இருந்தது. கதவு, பொனற், டிக்கி மூண்டும் அலுமினியத் தகடு எண்டபடியா எங்கட உப்புக் காத்துக்கும் தாக்குப் பிடிச்சிட்டுது, இரும்போட முட்டுற இடங்களில மட்டும் வெள்ளை மாப் பூத்திருந்தது. காரின்ர அடிச்சட்டம், சேஸிதான் பாவம், பின்பக்கம் துண்டு வெட்டி ஒட்டவேண்டி வந்தது.

இப்ப பிரச்சினை சலைன் போத்தல். பொனற்றுக்குள்ள அதுக்கு அடிச்ச கொழுவியும், டியூப் போக துளைச்ச ஓட்டையும் அப்பிடியே இருக்கு. தகட்டு வேலை செய்யிற டிங்கர் பாஸ் "தம்பி, உதை அடைச்சுப் பெயின்ற் அடிச்சா ஒருத்தருக்கும் தெரியாது" எண்டார். கொழும்பில பழைய கார் சேக்கிற ஒரு நண்பரும், ஒரிஜினலா இருந்தாத்தான் விலை எண்டு நிக்கிறார். நான் ஓமெண்டு சொல்லேல்லை. சொலிஹல்லில இருந்து வந்தமாதிரி ஆயிரக்கணக்கில ரோவர் உலகத்தில இருக்கு, இந்த ஓட்டை உள்ள ரோவர் யாழ்ப்பாணத்தில மட்டும்தான் இருக்கும். துருவைத் தேய்ச்சு எடுத்திட்டு கொழுவியை அப்பிடியே விடச் சொல்லீட்டன், பாஸுக்கு முகம் கொஞ்சம் சுருங்கினதுதான், எண்டாலும் அந்த ஓட்டையைச் சுத்தி அவர் பெயின்ற் அடிச்ச வடிவைப் பாக்கோணும்.

2002இல யாழ்ப்பாணத்தைத் தெற்கோட இணைக்கிற ஏ9 பாதை திறந்ததில இருந்து எங்கட பழைய கார்கள் ஒண்டொண்டாத் தெற்குக்குப் போகுது. ஆரின்ரையும் கொட்டிலுக்குள்ள ரோவர்ச் சாமான் கிடந்தா, முக்கியமா பிரேக் மாஸ்டர் சிலிண்டரும் பின் லைற் கண்ணாடியும், பழைய இரும்புக்காரருக்குப் போட முதல் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. நல்ல விலை தாறன்.